ஒரே எண்ணில் இருவர்

அக்டோபர் 12

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே "மீட்டிங் வந்துருச்சுக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்துப் போட்டாலும் மேசையில் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பத்தாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். நேற்று பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலை உங்கள் மாணவர் தகவல் தளத்திலிருந்து இறக்கினேன். நாற்பத்தொரு பெயர்தான் இருந்தது. மூன்று தடவை எண்ணினேன். விடுபட்டவள் இரட்டையரில் சின்னவள்.

அவர்களைப் பற்றி உனக்குச் சொன்னேனோ என்னவோ. பத்து நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். ஒரே பிறந்த தேதி, ஒரே முகவரி, பெயரிலும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் நேரில் பார்த்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லமாட்டாய். பெரியவள் ஒடிசல், நெட்டை, கணக்கு என்றால் காய்ச்சல் வந்துவிடும். சின்னவள் குள்ளம், கோழி கிளறிய மாதிரி கையெழுத்து, கணக்கில் என்னையே திணறடிப்பாள். தளத்தில் இப்போது பெரியவளின் பெயரும் எண்ணும் மட்டும்தான் இருக்கின்றன. சின்னவளின் எண்ணை அடித்தால் 'இப்பதிவு இணைக்கப்பட்டது' என்று வருகிறது.

ஜூலையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சின்னவளின் டேப்லெட்டில் பாடங்கள் திறக்கவில்லை. பெரியவளுக்கோ ஒரே நாளில் இரண்டு வருகை விழுந்தது. "பரவாயில்லையே, நீ ரெண்டாள் வேலை பாக்கறியே" என்று வகுப்பே சிரிக்கும்படி கிண்டல் செய்தேன். இரண்டு பேரும் ஒரே டேப்லெட்டில் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உதவி எண்ணுக்கு நான்கு தடவை கூப்பிட்டேன். பதினோரு இலக்கத்தில் ஒரு புகார் எண் தந்தார்கள். அதன் பிறகு பேச்சுமூச்சில்லை. நவம்பர் முப்பதோடு தேர்வுப் பதிவு முடிகிறது. அந்தத் தளத்தைக் கட்டியவன் நீ. என் பிள்ளையை அதிலிருந்து வெளியே எடுத்துக் கொடு.

அக்கா


அக்டோபர் 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது சம்பந்தமாக என் ஆபீஸ் மெயிலுக்கு எதுவும் அனுப்பாதே. எல்லாவற்றையும் வேறு கண்களும் படிக்கும். இந்த வீட்டு முகவரிக்கே எழுது.

நடந்தது இதுதான். ஒரே பிள்ளைக்கு இரண்டு எண்கள் இருப்பது நாடு முழுக்கப் பெரிய தலைவலியாக இருந்தது. போன மே மாதம் ஒத்துப்போகிற பதிவுகளை ஜோடி ஜோடியாகப் பிரித்துப் பள்ளிகளுக்கு அனுப்பினோம். பள்ளியில் ஒருவர் பார்த்து 'இருவரும் ஒருவரே' என்று உறுதி செய்தால்தான் பதிவுகள் இணையும். தளம் தானாக எதையும் செய்வதில்லை. உங்கள் பள்ளியில் யாரோ உறுதி செய்திருக்கிறார்கள். யாரென்று விசாரி.

நானே திறந்து சரிசெய்ய முடியாது. கட்டியவன் என்கிறாய். கட்டி முடித்த வீட்டுக்குள் கொத்தனார் நினைத்த நேரத்தில் நுழைய முடியுமா? இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தலைமையாசிரியையின் கடிதம், இரண்டையும் வைத்துத் திருத்த விண்ணப்பம் போடு. முறைப்படி வந்தால் நானும் பின்னால் நின்று தள்ளுகிறேன். பதறாதே, நேரம் இருக்கிறது.

தம்பி


அக்டோபர் 29

தம்பி,

விசாரித்தேன். உறுதி செய்தது நான்தான்.

மே மாதக் கடைசி வாரம், மின்விசிறி ஓடாத கணினி அறை. எங்கள் பள்ளிக்கு எண்பத்தாறு ஜோடிகள் வந்திருந்தன. ஐந்து மணிக்குள் முடிக்காத பள்ளிகளின் பெயர் சிவப்பில் வருமாம். தலைமையாசிரியை என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதை மறந்திருப்பாய். எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "எல்லாத்துலயும் டிக் போட்டுத்தான்க்கா வந்திருக்கும். கீழ போய் 'உறுதி செய்'னு ஒரு அழுத்து அழுத்திட்டு வீட்டுக்குக் கிளம்பு."

அழுத்தினேன். வீட்டுக்குக் கிளம்பினேன்.

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. சான்றிதழ்களை அவர்களின் அம்மா கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்கிறவர். அரை நாள் விடுப்பு கேட்டதற்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று. கைகள் இரண்டும் சோப்பில் ஊறி வெளுத்திருந்தன. தாள்களை என் மேசையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து நீவிவிட்டார்.

"டீச்சர், நான் ரெண்டு பெத்தேன். முதல் வலி நின்னு, ரெண்டாவது வலி வந்தது எனக்குத் தெரியும். ஒண்ணுன்னு எழுதி வெச்சது யாரு?"

"தெரியலம்மா. மேல கேட்டிருக்கோம்" என்றேன்.

இருபத்திரண்டு வருடமாகப் பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். அவர் நம்பிவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பின்னால் நின்று தள்ளுவேன் என்றாயே, தள்ளு.

அக்கா


நவம்பர் 14

அக்கா,

ஒரு வாரமாக எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன்.

உன் விண்ணப்பம் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இரண்டாவது கட்டத்தில் நிற்கிறது. அங்கே அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. இணைப்பதற்கு வழி செய்த நாங்கள், பிரிப்பதற்கு வழி செய்யவில்லை. 'அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பட்டியலில் அது கிடக்கிறது.

எங்கள் நிறுவன இயக்குநரிடம் போனேன். அறைக்கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். "ரெண்டு லட்சம் போலிப் பதிவை ஒழிச்சிட்டோம்னு மேடையில சொல்லியாச்சு. இப்ப அதுல கொஞ்சம் பேர் நிஜமான பிள்ளைங்கன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுகிட்டுப் போய்ச் சொல்றது? பரீட்சை முடியட்டும், அமைதியா பாத்துக்கலாம்."

வேறு ஒரு வழி இருக்கிறது. சின்னவளைப் புது மாணவியாகப் பதிவுசெய்து புது எண் வாங்கலாம். ஆனால் பதிவாகி ஓராண்டு ஆனால்தான் பொதுத்தேர்வு எழுத முடியும். அதாவது அடுத்த வருடம். ஒரு வருடம்தானே அக்கா. வாழ்க்கையில் ஒரு வருடம் பெரிய விஷயமா?

தம்பி


டிசம்பர் 3

தம்பிக்கு,

ஒரு வருடம் பெரிய விஷயமா என்று கேட்டாய். நவம்பர் முப்பதாம் தேதி தலைமையாசிரியை அறையில் நடந்ததைச் சொல்கிறேன், நீயே சொல்.

ஓர் எண்தான் இருக்கிறது. அதற்கு ஒரு புகைப்படம் ஏற்ற வேண்டும். மாலை நான்கு மணிக்குத் தலைமையாசிரியை பிள்ளைகள் இரண்டு பேரையும் அவர்களின் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ரெண்டு பேர்ல யார் படம்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. இன்னொருத்தி அடுத்த வருஷம் எழுதட்டும்" என்றார். அவர் கொடுமைக்காரர் அல்ல. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

பெரியவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நீ எழுதுடி. நான் எழுதினாலும் கணக்குல போயிரும்."

அம்மாவும் தலையாட்டினார். சின்னவள் என்னைப் பார்த்தாள். "டீச்சர், அந்த எண்ணுல அவ பேர்தானே இருக்கு? நான் எழுதினா மார்க் யார் பேர்ல வரும்?"

"அக்கா பேர்லதாம்மா வரும்."

"அப்ப சாகுற வரைக்கும் நான் அவளா இருக்கணுமா?"

பெரியவள் அழ ஆரம்பித்தாள். சின்னவள் அவள் கண்ணைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, சடையைச் சரிசெய்து, கேமரா முன்னால் இருந்த நாற்காலியில் பிடித்து உட்கார வைத்தாள். "மூக்கை உறிஞ்சாதடி, போட்டோல அசிங்கமா வரும்" என்றாள். நான் படத்தை ஏற்றினேன். மணி நான்கு ஐம்பது.

அன்றிலிருந்து சின்னவள் பள்ளிக்கு வரவில்லை. அவள் இடத்தில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு பெரியவள் உட்கார்ந்திருக்கிறாள்.

அக்கா


ஜனவரி 5

அக்கா,

டிசம்பர் முழுக்க உன் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. மனைவி துவைக்கப் போடும்போது எடுத்துக் கொடுத்துவிட்டு, "யார்கிட்ட இருந்து?" என்று கேட்டாள். அக்கா என்றேன். மேற்கொண்டு சொல்லவில்லை. அவளுக்கு ஏழாம் மாதம். உன்னிடம் சொல்லாததும் சில இருக்கின்றன. சொல்லிவிடுகிறேன்.

அந்த டிக் முதலில் கிடையாது. நான் எழுதிய முதல் வடிவத்தில் கட்டங்கள் காலியாக இருந்தன. ஒவ்வொரு ஜோடியையும் பார்த்து, ஆமா இல்லையா என்று பள்ளிதான் சொல்ல வேண்டும். சோதனைக்கு எடுத்த பள்ளிகளில் வேலை ஆமை மாதிரி நகர்ந்தது. இயக்குநர் கத்தினார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து, எல்லாக் கட்டங்களிலும் 'ஆம்' என்று முன்கூட்டியே டிக் விழும்படி மாற்றினேன். ஒரே ஒரு வரிதான். அடுத்த வாரம் வேலை குதிரை வேகத்தில் போயிற்று. எனக்குக் கைதட்டினார்கள். ஜூனில் பதவி உயர்வும் வந்தது. நீகூட வாழ்த்துச் சொன்னாய்.

இன்னொன்று. உன் முதல் கடிதம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே எனக்குத் தெரியும். ஆகஸ்டில் ஆயிரத்துக்கு மேல் புகார்கள் குவிந்தன. பாதிக்குப் பாதி இரட்டையர்கள், அண்ணன் தம்பிகள், பெயர் ஒத்துப்போன அடுத்த வீட்டுப் பிள்ளைகள். இயக்குநருக்கு எழுத்தில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். என் கடமை முடிந்தது என்று நானும் வந்துவிட்டேன். அக்டோபரில் நீ கேட்டபோது, 'உங்கள் பள்ளியில் யாரோ' என்று எழுதினேன். அது யாரென்று அன்றைக்கே தளத்தில் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

தம்பி


ஜனவரி 19

உன் கடிதம் வந்தது.

நான் ராத்தூக்கம் இல்லாமல் என்னையே கடித்துக் குதறிக்கொண்டிருந்த அத்தனை நாளும் உனக்குத் தெரிந்திருக்கிறது. "யாரென்று விசாரி" என்று எழுதின கை உன்னுடையது. சின்ன வயதில் கேரம் ஆட்டத்தில் தோற்றுப்போனால் பலகையைக் கவிழ்த்துவிட்டு, "அக்காதான் தள்ளிவிட்டா" என்பாய். அப்போது அடி வாங்கியதும் நான்தான்.

சின்னவள் துணி ஆலைக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் ஒரு நாள் பயணம், அங்கேயே விடுதி. லாண்டரியில் கூட வேலை செய்கிற யாரோ சேர்த்துவிட்டார்களாம். "வீட்ல சும்மா ஒக்காந்து சுவத்தையே பாக்குறா டீச்சர், பயமா இருந்துச்சு" என்றார் அவள் அம்மா. அப்போதுதான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். பொத்தானை அழுத்தியது நான் என்று. திட்டுவார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து, "நீங்க அவளுக்கு நாலு வருஷம் பாடம் எடுத்தீங்களே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

இனி எனக்கு எழுதாதே.


பிப்ரவரி 11

அக்கா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

ஒரு பத்திரிகை விஷயத்தைப் பிடித்துவிட்டது. துறை விசாரணை வைத்திருக்கிறது. எங்கள் நிறுவனம் கொடுக்கப்போகிற அறிக்கையில் 'தளத்தில் குறையில்லை. பள்ளி அளவில் நேர்ந்த மனிதத் தவறு' என்று இருக்கிறது. பின்னிணைப்பாக, எந்தப் பள்ளியில் யார் உறுதி செய்தார்கள் என்று பட்டியல். இருபத்தேழாவது வரியில் உன் பெயர். தளத்தை வடிவமைத்தவன் என்ற முறையில் அடியில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன். இயக்குநர் தோளில் கை போட்டு, "உனக்குக் குழந்தை பொறக்கப் போகுது, யோசிச்சு நடந்துக்க" என்றார். அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அன்பாகச் சொன்னார்.

நான் என்ன செய்யட்டும்? சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பி,

உன் அறிக்கை வருவதற்குள் எனக்கு மெமோ வந்துவிட்டது. விசாரணை முடியும் வரை பணியிடை நீக்கம். என் வகுப்புச் சாவியைக் கணக்கு வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. நாற்பத்தொரு பிள்ளைகளும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெமோவுக்குப் பதில் எழுதிவிட்டேன். 'ஆம், நான் படிக்காமல் அழுத்தினேன்.' உன் போன் பேச்சை அதில் எழுதவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எண்பத்தாறு ஜோடியையும் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தினமும் முகம் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். நீ ஆயிரம் சொன்னாலும் நான் பார்த்திருக்க வேண்டும். என் பங்கு அது.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்காதே. நான் சொல்லி நீ செய்தால், நாளைக்கு அதுவும் நான் செய்ததாக ஆகிவிடும்.

உன் மனைவியைக் கனமான குடம் எதையும் தூக்கவிடாதே.

அக்கா


மார்ச் 17

அக்கா,

கையெழுத்துப் போடவில்லை. விசாரணைக் குழுவிடம் நானே போய் உட்கார்ந்தேன். காலிக் கட்டங்களோடு இருந்த முதல் வடிவம், அதை மாற்றிய தேதி, ஆகஸ்டில் கொடுத்த கடிதம், எல்லாவற்றையும் வைத்தேன். மே மாதம் உன்னோடு போனில் பேசியதையும் சொன்னேன். குழுவில் இருந்த வயதான அம்மா ஒருவர், "இதை ஏன் ஆகஸ்ட்லயே இங்க கொண்டு வரல?" என்று கேட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு என் கணினி திறக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு, சாப்பாட்டு டப்பாவோடும் குடையோடும் வெளியே நின்றேன். நன்றிக்காகச் சொல்லவில்லை. ஆறு மாதம் தாமதித்துச் செய்ததற்கு நன்றி எதற்கு?

பதிவுகளைப் பிரிக்கும்படி உத்தரவு வரும் என்கிறார்கள். விடுபட்டவர்களுக்கு ஜூலையில் தனித்தேர்வு. உன் வேலையும் திரும்ப வரும். சின்னவள் எழுத வருவாளா?

பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். நீ வர வேண்டும் என்று கேட்கத் தைரியம் இல்லை.

தம்பி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டதற்கு நான்கு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். கோபத்தில் அல்ல. பதில் இப்போதுதான் என் கைக்கு வந்தது.

மே மாதம் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 'எச்சரிக்கையுடன்' என்று ஒரு வார்த்தை என் கோப்பில் இருக்கிறது, இருக்கட்டும். பெரியவள் தேறிவிட்டாள். கணக்கில் முப்பத்தாறு. மார்க்கைப் பார்த்து அவள் சிரிக்கவே இல்லை.

ஜூன் கடைசியில் தனித்தேர்வுக்கான ஹால் டிக்கெட்டுகள் வந்தன. சின்னவளுடையதும் வந்தது. அவள் படம், அவள் எண், அவள் பெயர். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நானே பஸ் ஏறிப் போனேன்.

ஆலை விடுதியின் வாசலில் ஓர் அறை. வெள்ளை அடித்த சுவர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கடிகாரம். பத்து நிமிடம்தான் தருவோம் என்றார் வார்டன். சின்னவள் வந்தாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கும் பழக்கம் இன்னும் போகவில்லை, உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். ஹால் டிக்கெட்டை வாங்கி விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கை மனக்கணக்காகவே போடுகிற பெண், தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"எம்பேர்தான் டீச்சர். சரியா போட்டிருக்காங்க."

"அஞ்சு நாள் பரீட்சை. லீவு கேக்கலாமா? நான் மேனேஜர்கிட்ட பேசறேன்."

"ரெண்டு நாளைக்கு மேல தரமாட்டாங்க டீச்சர். மூணு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கியிருக்காங்க. நடுவுல போனா பொறப்புச் சான்றிதழைத் திருப்பித் தரமாட்டேங்கறாங்க." ஹால் டிக்கெட்டின் ஓரத்தை நீவியபடி, "படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. மெஷின் சத்தம்தான் காதுல இருக்கு" என்றாள்.

மேனேஜரிடம் பேசினேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். மரியாதையாக நாற்காலி போட்டு, மரியாதையாக மறுத்தார். துறைக்கு எழுதுவேன் என்றேன். எழுதுங்கள் என்றார். எழுதியிருக்கிறேன். கிளம்பும்போது சின்னவள் வாசல் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "முயற்சி பண்றேன் டீச்சர். அக்காகிட்ட சொல்லுங்க" என்றாள். அந்தத் தாளை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

அதை நான் பெரியவளிடம் அப்படியே சொல்லியிருக்கக் கூடாது.

உன் மகளைப் பார்க்க வருகிறேன். அடுத்த மாத விடுமுறையில். உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கு அத்தை ஒருத்திதானே. நீ இப்போது எங்கே வேலை தேடுகிறாய் என்பதையும் எழுது.

நேற்று முதல் தேர்வு, கணக்கு. நான்தான் கண்காணிப்பு. பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் சேர்த்துப் பதினாறு பேர் எழுத வேண்டும், பதினோரு பேர் வந்தார்கள். காலை எட்டரைக்கே பெரியவள் பள்ளி கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் தங்கையின் ஜாமெட்ரி பாக்ஸ். ஒவ்வொரு பஸ்ஸும் நிற்கும்போது இரண்டு அடி முன்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். லாண்டரியிலிருந்து அவள் அம்மாவும் ஈரக் கையோடு வந்து சேர்ந்தார்.

பத்து மணிக்கு மணி அடித்தது. கேட்டைச் சாத்தலாமா என்று காவலாளி என்னைப் பார்த்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம் பாருங்க" என்றேன். இன்னொரு பஸ் வந்தது. ஒரு கிழவரும், கூடையோடு ஒரு பெண்ணும் இறங்கினார்கள். பெரியவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அடுத்த பஸ்ல வருவா டீச்சர், வழியில லேட்டாயிருக்கும்" என்றாள்.

உள்ளே பதினோரு பிள்ளைகள் வினாத்தாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டைச் சாத்தச் சொன்னேன்.

அக்கா